ஆலை அடுப்பில் சிக்கனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இசையும் நாடகமும் காத்திருக்கின்றன. பிள்ளைகள் ஒப்பனை முடித்துத் திரைக்குப் பின்னே நிற்கிறார்கள். இந்த வேளையில் கொதிகலனையும் குழாயையும் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நம்பியே வந்திருக்கிறோம். 'நாங்கள்' என்று பன்மையில் சொல்வது பெருமை கருதி அன்று. செம்பூர், டிராம்பே, மாகுல் வட்டாரத்து ஆலைகளில் பல்லாண்டு ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலர் கூடிப் பேசிய கருத்துகளை ஒருவர் வாயால் சொல்கிறோம். குறை இருப்பின் அதுவும் எங்கள் அனைவருடையதே.

எடுத்துக்கொண்ட பொருள், இரசாயன ஆலைகளில் எரியாற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது. கேட்ட மாத்திரத்தில் இது முதலாளிகளுக்கும் பொறியாளர்களுக்கும் உரிய செய்தி என்று தோன்றும். அவ்வாறன்று. இது நம் குடும்பங்களின் செய்தி. ஏன் என்பதைச் சொல்லவே இவ்வளவு பேச்சும்.

தாராவியின் இட்லி அடுப்பு

விடியுமுன் தாராவிச் சந்துகளில் நடந்தவர்கள் அறிவார்கள். ஊர் உறங்கும்போதே நம் தாய்மார் சிலர் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். பொழுது புலர்வதற்குள் அந்த இட்லி பாத்திரங்களில் ஏறி மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் புறப்பட்டுவிடும். அந்த அடுப்பின் முன் ஒரு நாழிகை நின்று பார்த்தால் ஒரு பெரிய சாத்திரத்தையே கற்றுக்கொள்ளலாம்.

மூடியின் விளிம்பில் ஆவி சீறினால் ஈரத்துணியைச் சுற்றி அடைக்கிறார்கள். ஓர் ஈடு வெந்து இறங்கியதும், கொதிக்கும் நீர் ஆறுவதற்குள் அடுத்த தட்டுகளை ஏற்றுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் கொப்பரையில் மிஞ்சிய வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. பாத்திரம் கழுவ எடுத்துவைக்கிறார்கள். ஆவியைக் கசிய விடாதே, சூட்டை ஆற விடாதே, மிஞ்சியதை எறியாதே. இம்மூன்று விதிகளையும் அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. விறகின் விலையும் மண்ணெண்ணெயின் விலையும் கற்பித்தன.

கோடிக்கணக்கான ரூபாய் செலவில் எழுந்த இரசாயன ஆலையும் இம்மூன்று விதிகளுக்கு மேல் நான்காவதாக ஒன்றைப் பின்பற்றுவதில்லை. அளவு பெரிது, விதி ஒன்றே.

சோறும் மூச்சும்

செம்பூரின் கதையை இளைஞர்களுக்காகச் சற்றே நினைவூட்டுகிறோம். டிராம்பேக் கடலோரத்தில் 1954-இல் ஸ்டான்வாக் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது. அதுவே பின்னர் எஸ்ஸோ ஆகி, இப்போது இந்துஸ்தான் பெட்ரோலியமாக விளங்குகிறது. 1955-இல் பர்மா ஷெல் ஆலை வந்தது. அது இன்றைய பாரத் பெட்ரோலியம். 1956-இல் டாட்டா அனல் மின்நிலையம் எழுந்தது. 1965-இல் இந்திய உரக் கழகத்தின் டிராம்பே உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1978-இல் அக்கழகம் பிரிக்கப்பட்டபோது, இவ்வாலை இராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்னும் தனி நிறுவனத்தின் கீழ் வந்தது. நம் மக்கள் சுருக்கமாக ஆர்.சி.எப். என்பார்கள்.

இந்த ஆலைகளை நம்பியே மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் நம்மவர் பலர் செம்பூருக்குக் குடிபெயர்ந்தனர். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தோர் ஒரே ஷிப்டில் நின்றனர். அந்தச் சம்பளத்தில் பெண்களுக்குத் திருமணம் நடந்தது, பிள்ளைகள் படித்தனர், ஊரில் ஓட்டுவீடு காரைவீடாயிற்று. சோறு தந்தது அந்தப் புகைபோக்கியே.

ஆனால் அதே புகைபோக்கி வேறொன்றையும் தந்தது. குளிர்காலக் காலைகளில் கண் எரியும், தொண்டை கரகரக்கும், துவைத்துக் காயவைத்த வேட்டியில் கரித்துகள் படியும். 'கேஸ் சேம்பர்' என்று செம்பூரைப் பழித்துக் கூறும் வழக்கம் ஊரில் ஏற்பட்டது. சோறு தந்தவனைப் பழிப்பதா, மூச்சு இழந்து சும்மா இருப்பதா என்று எங்கள் வீடுகளில் பேச்சு நடந்ததுண்டு. ஷிப்டு முடிந்து வந்த தந்தை ஆலையின் பக்கம் பேசுவார். இருமும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் மறுபக்கம் பேசுவார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

இவ்விரண்டு நியாயங்களும் ஓரளவேனும் ஒன்றுகூடும் இடம் சிக்கனம் ஒன்றே என்பது எங்கள் முடிவு. எரிக்காத எண்ணெய்க்குப் புகை இல்லை. எரிக்காத எண்ணெய்க்கு விலையும் இல்லை. ஆலைக்கு ஆதாயம், கொல்லைப்புறத்தில் குடியிருக்கும் நமக்குக் காற்று.

ஒரு மூட்டை யூரியா

இரசாயன ஆலை எவ்வளவு எரியாற்றலை உண்கிறது என்பதை வீட்டுக் கணக்கில் சொல்கிறோம். உரத்துக்குத் தாய் அமோனியா. காற்றில் உள்ள நைட்ரஜனையும், எரிவாயுவிலிருந்தும் நீராவியிலிருந்தும் பிரித்தெடுத்த ஹைட்ரஜனையும் பேரழுத்தத்தில் இணைத்து அதைச் செய்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டிய இம்முறையை, கார்ல் போஷ் 1913-இல் ஒப்பாவு என்னும் ஊரில் பேராலையாக்கினார். இன்றும் உலகம் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

மிகத் திறமையான புதிய ஆலையிலும் ஒரு டன் அமோனியாவுக்கு ஏறத்தாழ 28 ஜிகா ஜூல் எரியாற்றல் ஆகிறது. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளை ஒன்றில் 14.2 கிலோ வாயு உண்டு. அவ்வகையில் கணக்கிட்டால் 40-க்கு மேற்பட்ட உருளைகள் ஒரு டன் அமோனியாவில் அடங்குகின்றன. பழைய முறை ஆலைகளில் 55 உருளைகளும் அதற்கு மேலும் ஆகும். அந்த வேறுபாடே நாம் பேசும் சிக்கனம்.

மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு யூரியாக் கொள்கை, ஆலைகளை வகைப்படுத்தி, டன் ஒன்றுக்கு 5.5 முதல் 6.5 ஜிகா கலோரி வரை எரியாற்றல் இலக்குகளை வகுத்தது. இதை 45 கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால், ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒன்றரை முதல் இரண்டு சமையல் உருளை வரை ஒளிந்திருப்பதை அறியலாம். ஊரில் வயலுக்கு வீசும் வெள்ளைக் குருணை வெறும் உப்பன்று, உறைந்த நெருப்பு.

தொடக்கத்தில் டிராம்பே உர ஆலை பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் நாஃப்தாவை நம்பியிருந்தது. 1974-இல் பம்பாய் ஹை கடற்பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனோடு வெளிவந்த எரிவாயு முன்பு வீணே எரிக்கப்படுவது வழக்கம். அது குழாய் வழியே கரைக்கு வந்து உர ஆலைக்கு உணவாயிற்று. நாஃப்தாவைவிட எரிவாயுவில் ஹைட்ரஜனின் பங்கு மிகுதி. ஆதலின் அதே உரத்துக்கு எரியாற்றலும் குறைவு, கரியும் குறைவு. நம் தூத்துக்குடியிலும் இதுவே நடந்தது. 1975 முதல் நாஃப்தாவில் யூரியா செய்துவந்த ஸ்பிக் ஆலை, 2021-இல் இராமநாதபுரம் – தூத்துக்குடிக் குழாய் திறக்கப்பட்டபின் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. மறு ஆண்டே அங்கே நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் சூரிய மின்தகடுகளும் அமைந்தன.

முதல் விதி: ஆவியைக் கசிய விடாதே

இனி எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் வேலை பார்த்த ஆலை ஒன்றில் (பெயர் வேண்டா) கொதிகலன் குழாயின் இணைப்பில் ஒரு சிறு துளை விழுந்து நீராவி சீறியது. கடுகைவிடச் சற்றே பெரிய துளை. எங்களுள் ஒருவர் முதலில் ஒவ்வொரு ஷிப்டிலும் பதிவேட்டில் எழுதினார். உற்பத்தியை நிறுத்த முடியாது என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். செலவு எங்கள் கணக்கில் வராது என்று மறு பகுதியினர் சொன்னார்கள். எழுதியவர் கை சலித்து நிறுத்திவிட்டார்.

பிறகு நடந்ததுதான் வெட்கத்துக்குரியது. அந்த ஆவியருகே டிபன் டப்பாக்களை வைத்தால் சோறு சூடாகும் என்று கண்டுகொண்டோம். மழைக்காலத்தில் நனைந்த சட்டையும் அங்கே காய்ந்தது. குறை, வசதியாகிவிட்டது. புதிதாக வருவோருக்கு, 'டப்பாவை வைக்கும் இடம் அது' என்று காட்டவும் செய்தோம்.

ஓராண்டு கழித்து இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். துளையின் அளவைக் கேட்டார். குழாயின் அழுத்தத்தைப் பார்த்தார். சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டார். 3 மில்லிமீட்டர் துளை. 7 கிலோ அழுத்தம். மணிக்கு ஏறத்தாழ 30 கிலோ நீராவி. ஆலை ஓடும் நாட்களைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 200 டன்னுக்கு மேல். அதை உண்டாக்க 15 டன்னுக்குக் குறையாமல் உலை எண்ணெய் எரிய வேண்டும். அந்த எண்ணெயிலிருந்து 45 டன்னுக்கு மேல் கரியமில வாயுவும், அதனோடு கந்தகப் புகையும் வானில் ஏறும்.

"அண்ணே, உங்கள் டப்பாவைச் சூடாக்க ஆண்டுக்கு 15 டன் எண்ணெய் எரிக்கிறோம்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் புகை மேற்குக் காற்றில் எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகள் அங்கேதான் இருந்தன.

அடுத்த நிறுத்த நாளில் ஒரு பொழுதுக்குள் கேஸ்கட்டை மாற்றி இணைப்பை இறுக்கினார்கள். ஆறிய நீராவி நீராகித் திரும்பும் கண்டன்சேட் குழாயின் மேல் ஒரு தகரப் பெட்டி பொருத்தி, எங்கள் டப்பாக்களுக்கும் இடம் செய்து கொடுத்தார் அந்தப் பொறியாளர். சோறு முன்போலவே சூடாயிற்று.

அந்தக் கண்டன்சேட் நீரைப் பற்றியும் ஒரு சொல். கொதிகலனுக்குள் செல்லும் நீரின் சூடு 6 பாகை உயர்ந்தால், நூற்றில் ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும் என்பது பாய்லர் வீட்டுக் கணக்கு. 30 பாகைக் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக 90 பாகைக் கண்டன்சேட்டைத் திருப்பி அனுப்பினால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். அதைச் சாக்கடையில் விடும் ஆலை, இட்லி அம்மாவிடம் பாடம் கேட்க வேண்டிய ஆலை.

இரண்டாம் விதி: சூட்டை ஆற விடாதே

இரசாயன ஆலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே சில பொருள்கள் தாமே அடுப்பாகின்றன. கந்தகத்தை எரித்துக் கந்தக அமிலம் செய்யும்போது அந்த வினையே பெருஞ்சூட்டை வெளியிடும். அச்சூட்டைக் கொதிகலனுக்குத் திருப்பினால் எண்ணெயில்லாமல் நீராவி கிடைக்கும். அமோனியாவைப் பிளாட்டின வலையின் மேல் எரித்து நைட்ரிக் அமிலம் செய்யுமிடத்தில் வெப்பம் 900 பாகையளவு உயரும். அங்கிருந்து அழுத்தத்தோடு வெளியேறும் வாயுவைச் சக்கரத்தின் மேல் பாய்ச்சி, ஆலையின் காற்றழுத்தும் எந்திரத்தையே சுழலச் செய்வார்கள். ஒருவன் வெளியேறும்போது அடுத்தவனுக்குக் கதவைத் தள்ளிவிட்டுப் போவது போன்றது இது.

அந்த நைட்ரிக் அமில ஆலையிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவும் வெளிப்படும். உலகத்தைச் சூடாக்குவதில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறத்தாழ 270 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு வினையூக்கியை உள்ளே வைத்து இதைப் பெரும்பாலும் சிதைத்துவிடலாம். டிராம்பேயிலும் இம்முறை கையாளப்பட்டது.

பம்புகளைப் பற்றி ஒரு செய்தி. முழு விசையில் நீரை இறைத்து வால்வை மூடி அடக்குவது, வண்டியை விரட்டிக்கொண்டே பிரேக்கை மிதிப்பதற்கு ஒப்பாகும். நீரைச் சுழலவிடும் பம்பின் வேகத்தையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதற்காகும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

மூன்றாம் விதி: மிஞ்சியதை எறியாதே

மும்பைக்குத் தண்ணீர் தானே வருவதில்லை. வைதர்ணா, தான்சா, பாட்சா என்று தொலைவிலுள்ள ஏரிகளிலிருந்து வருகிறது. கோடையில் நம் தாய்மார் குடத்தோடு குழாயடியில் நின்றிருக்க, அதே ஏரி நீரை ஆலைகள் குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாக்கின. இந்தக் காட்சிக்கு ஆர்.சி.எப். ஒரு மாற்று கண்டது. மாநகராட்சியின் சாக்கடை நீரை, ஆம், நாம் கழித்துவிட்ட நீரையே, நாளொன்றுக்கு 2 கோடி லிட்டருக்கு மேல் எடுத்துச் சுத்திகரித்து ஆலைக்குப் பயன்படுத்தும் நிலையத்தைச் செம்பூரில் அமைத்தது. கசடு நீக்கி, நுண்ணுயிர்களால் அழுக்கைத் தின்னச் செய்து, மணலில் வடித்து, இறுதியில் நுண்சவ்வு வழியே அழுத்தி எடுக்கும் நீர் அது. பின்னர் பாரத் பெட்ரோலியத்தோடு சேர்ந்து இரண்டாவது நிலையமும் அமைக்கப்பட்டது. ஆலை திரும்பப் பயன்படுத்தும் ஒவ்வொரு குடமும், ஏரியில் நமக்காக மிஞ்சும் குடம்.

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, பிரித்து, கழுவி, அரைத்து, மணியாக்கும் தொழிலாளரையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். புதிதாகச் செய்வதைவிடப் பழையதை உருக்குவதற்கு ஆற்றல் மிகக் குறைவு. நாட்டின் எரியாற்றல் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. மிச்சத்தில் அவர்கள் பங்கு உண்டு. ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் முகமூடியின்றி அவர்கள் உழைப்பதை நாம் சிக்கனம் என்று கொண்டாடலாகாது. மனித உடம்பை எரித்து மிச்சப்படுத்துவது மிச்சமன்று.

சட்டமும் அதன் எல்லையும்

எரியாற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. 2002-இல் எரியாற்றல் திறன் செயலகம் தோன்றியது. 2012-இல் உரம், காரச்சோடா உள்ளிட்ட 8 துறைகளில் 478 பெரிய ஆலைகளுக்கு இலக்கு வகுத்தார்கள். இலக்குக்கு மேல் சேமித்தவர் சான்றிதழ் பெற்று விற்க முடிந்தது. தவறியவர் அதை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. மூன்றாண்டு முடிவில், ஏறத்தாழ 67 இலட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான சேமிப்பை எதிர்பார்த்த இடத்தில், 87 இலட்சம் டன் அளவு சேமிக்கப்பட்டது. நம்மால் முடியாது என்ற பேச்சுக்கு இதுவே விடை.

எனினும் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு டன்னுக்கு ஆகும் எரியாற்றல் குறைந்தாலும், டன்களின் எண்ணிக்கை பெருகினால் மொத்தப் புகை குறையும் என்ற உறுதி இல்லை. கொதிகலன் திறமையாக எரிவதனால் சேமிப்புத் தொட்டியிலிருந்து கசியும் நெடி நின்றுவிடாது. அதற்குத் தனிக் காவல் வேண்டும். சிக்கனம் பாதி வழி. எஞ்சிய பாதி, குடியிருப்போர் விழிப்பாக இருந்து கேள்வி கேட்பது. 1984 போபால் துயரத்துக்குப் பின் ஆலைக்கு அருகில் வாழ்வோர் யாரும் இதை மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

சிக்கனம் தெரியாத ஆலை நெடுங்காலம் நிற்காது. பரேல், லால்பாக் பஞ்சாலைகளை நினைத்துப் பாருங்கள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாக மூடியதற்குக் காரணங்கள் பல. புதுப்பிக்காத பழைய எந்திரங்களும் அவற்றுள் ஒன்று. ஆகவே சிக்கனம் என்பது நம் பிள்ளைகளின் வேலையைக் காப்பதும் ஆகும்.

இளைஞர்களே! எரியாற்றல் மேலாளர், எரியாற்றல் தணிக்கையாளர் என்னும் தகுதிகளுக்கு 2004 முதல் தேசியத் தேர்வு நடைபெற்று வருகிறது. வங்கித் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பதுபோல் இதற்கும் நம் சங்க நூலகத்தில் சேர்ந்து படியுங்கள். பாய்லர் வீட்டில் நாங்கள் கற்றதைச் சொல்லித்தர ஞாயிறுதோறும் வரக் காத்திருக்கிறோம்.

வேலையில் இருக்கும் தம்பிமார்களே! பதிவேட்டில் எழுதக் கை சலிக்காதீர்கள். குறையை வசதியாக்கிக்கொள்ளாதீர்கள். நாங்கள் செய்த தவறு எங்களோடு போகட்டும்.

ஊரில் நிலம் வைத்திருப்போரே! பயிர் கேட்கும் அளவுக்கு மேல் யூரியா இடாதீர்கள். மிகுதியாக வீசும் ஒவ்வொரு மூட்டையும் டிராம்பேயிலோ தூத்துக்குடியிலோ வீணில் எரிந்த எரிவாயு. மண்ணுக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

தாய்மார்களுக்கு நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை, கற்றுக்கொள்ளவே உண்டு. நாளை விடியற்காலையும் தாராவியில் அந்த அடுப்பு எரியும். மூடியைச் சுற்றி ஈரத்துணி இறுகும். அந்தக் கை கண்ட சிக்கனம் ஆலைக்குள்ளும் நுழையுமானால், சோறு தரும் புகைபோக்கியே மூச்சைப் பறிக்கும் நிலை மெல்ல மெல்ல மாறும்.

பிள்ளைகளின் நாடகத்துக்கு நேரமாயிற்று.